சுமக்காதவனின் பத்துத் திங்கள்

சூல்கொண்ட பெண்ணுக்குத் தமிழ்மொழி சொற்களை வாரி வழங்கியிருக்கிறது. சூலி என்றும் கருவுற்றாள் என்றும் நூல்கள் கூறும். முழுகாமல் இருக்கிறாள், வாயும் வயிறுமாக இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள் என்று வீட்டுப் பேச்சு கூறும். பிள்ளைத்தாய்ச்சி என்று ஊரே வழிவிட்டு நிற்கும். அவளுக்கு உண்டாகும் வேட்கைக்குக்கூடத் தனிச்சொல் உண்டு. இன்று நாம் மசக்கை என்கிறோம். தொல்காப்பியர் உரியியலில் 'வயா' என்னும் சொல்லை எடுத்துப் பெருகிய வேட்கை என்று அதற்குப் பொருள் வகுத்தார். இத்தனை சொற்களையும் ஒருபுறம் அடுக்கிவிட்டு, அவளுடைய கணவனை அந்தப் பத்துத் திங்களில் என்ன பெயரிட்டு அழைப்பது என்று தேடினால் அகராதி கைவிரித்து விடுகிறது. 'தந்தையாகப் போகின்றவன்' என்று எதிர்கால வினையொன்றை ஒட்டவைத்துத்தான் அவனைக் குறிக்க வேண்டியிருக்கிறது.

சொல் இல்லை என்பதால் பொருளும் இல்லை என்று கொள்ளலாமா? அந்த மனிதனுக்கு அக்காலத்தில் ஒன்றுமே நேர்வதில்லையா? நேர்கிறது என்பதும், அதைக் கேட்பாரற்று விட்டிருப்பதால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு விளைகிறது என்பதும் நம் கருத்து. தமிழ்த்துறை மலரில் இது என்ன பொருந்தாப் பேச்சு என்று பெரியவர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அகம், புறம் என்று வாழ்வைப் பகுத்துப் பாடிய மொழிக்கு இதுவும் அகத்திணைச் செய்திதான் என்பதே நம் விடை.

குறுந்தொகையின் 287-ஆம் பாடலைப் பயின்ற மாணவர்கள் நினைவுகூரலாம். கச்சிப்பேட்டு நன்னாகையார் என்னும் புலவர் பெருமாட்டி பாடியது. நீர் நிறைந்த கார்மேகம் வானில் ஏற இயலாமல் மலையை நோக்கித் தளர்ந்து செல்வதற்கு, புளிப்புக்கு ஏங்கும் நிறைசூல் மகளிரின் தளர்நடையை அவர் உவமையாக்கினார். காஞ்சி மண்ணின் புலவருக்குக் கருவுற்ற உடலின் பாரம் எத்துணை நுட்பமாகத் தெரிந்திருக்கிறது! ஆயின் அப்பாடலின் சூழலையும் நோக்க வேண்டும். தலைவன் பிரிந்து போயிருக்கிறான். வந்துவிடுவான் என்று தோழி தேற்றுகிறாள். சூலைப் பற்றிய உவமை வரும் பாடலில்கூட ஆடவன் வீட்டில் இல்லை.

மருதத்திணைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மகனைப் பெற்று, பால்மணம் மாறாத மேனியோடு தலைவி மனையில் இருக்க, தலைவன் பரத்தையர் சேரிக்குப் போய்விட்டு வாயில் வேண்டி நிற்பான். புறநானூற்றில் பொன்முடியார் கடமைகளைப் பகுத்துரைத்த 312-ஆம் பாடலோ நாம் அனைவரும் அறிந்தது. பெற்று வளர்ப்பதைத் தாய் தன் கடமையாக ஏற்கிறாள். மகனைச் சான்றோனாக்குவது தந்தைக்கு விதிக்கப்படுகிறது. வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு. இதில் தந்தையின் பணி எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பிள்ளை கற்கும் பருவம் வந்த பிறகு! வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தையை அவையத்தோடு சேர்த்துத்தான் எண்ணுகிறார். அவையத்துக்கு முன் தொட்டில் இருக்கிறது. தொட்டிலுக்கு முன் பத்துத் திங்கள் இருக்கின்றன. அந்த இடத்தில் நம் தந்தையர் எங்கே நின்றார்கள் என்பதற்கு இலக்கியம் அதிகம் விடை சொல்லவில்லை.

விடை ஒரு பழமொழியில் ஒளிந்துகிடக்கிறது. 'குறத்தி பிள்ளை பெறக் குறவன் காயம் தின்றான்' என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு உரிய காய மருந்தை, வலியே படாதவன் வாங்கித் தின்றானாம். ஒருவர் பாடுபட மற்றவர் பயன் கொள்வதைக் கேலி செய்ய இதை எடுத்தாள்கிறோம். உழைக்கும் ஒரு குலத்தாரை இழித்துப் பேச இது பயன்பட்டது என்பதால் நமக்கு இப்பழமொழியின்மேல் மனத்தாங்கல் உண்டு. ஆனால் இது வெறும் கேலி அன்று. ஒரு வழக்கத்தின் எச்சம். கோதாவரிப் பகுதியில் பணியாற்றிய ஜான் கெயின் என்னும் பாதிரியார் 1874-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எருகுலர் என்னும் மக்களின் வழக்கம் ஒன்றை எழுதினார். மனைவிக்கு வலி கண்டவுடன் கணவன் அவளுடைய ஆடையை உடுத்திக்கொண்டு, நெற்றியில் பொட்டிட்டு, மங்கிய விளக்கெரியும் இருட்டறையில் நீண்ட துணியால் போர்த்திப் படுத்துக்கொள்வான் என்பது அச்செய்தி. எட்கார் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார். உலகின் பல மூலைகளில் இதே வழக்கம் இருந்ததைத் தொகுத்துப் பேசிய எட்வர்ட் டைலர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1865-இல் இதற்குக் கூவாட் என்னும் பிரெஞ்சுச் சொல்லை ஆண்டார். அடைகாத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. நாம் கேலி செய்ததை அயல்மொழி அடைகாத்தல் என்றது!

அந்தக் கணவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்கு அறிஞர்கள் பலவாறு காரணம் கூறுவர். தீய ஆவியைத் தாயிடமிருந்து தன்பக்கம் திருப்பும் முயற்சி என்பர் சிலர். இது என் பிள்ளை என்று ஊரறிய உரிமை கூறும் சடங்கு என்பர் வேறு சிலர். நமக்கு எந்த விளக்கமும் முழுமையாகத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. மனைவி வலியில் துடிக்கும்போது தான் சும்மா இருப்பதைத் தாங்கமாட்டாத மனம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

அந்த மனம் சடங்கோடு அழிந்துவிடவில்லை. 1965-ஆம் ஆண்டு டிரெத்தோவன், கான்லன் என்னும் இரு மருத்துவர்கள் இங்கிலாந்தில் மனைவி கருவுற்றிருந்த 327 கணவர்களை ஆராய்ந்தனர். பசியின்மை, குமட்டல், பல்வலி முதலியன மற்ற ஆடவரைவிட அவர்களிடம் மிகுந்து காணப்பட்டன. பல்லில் பழுதில்லை, வலியோ உண்டு! 2000-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் ஆன் ஸ்டோரி என்பாரும் உடனாய்வாளரும் தந்தையாகப் போகும் ஆடவரின் குருதியைச் சோதித்து, பேறு நெருங்குங்கால் அவர்களுடைய சுரப்புநீர்களும் மாறுவதைக் கண்டனர். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளிவந்த ஆய்வு, தந்தையானவர்களுக்கு ஆண்மைச் சுரப்பு குறைவதையும், பிள்ளையை நாளும் சில மணிநேரம் பேணுபவர்களிடம் அது மேலும் குறைவதையும் காட்டியது. ஆண்மை குறைந்துபோயிற்று என்று யாரும் அஞ்ச வேண்டா. போரிடும் உடலைப் பேணும் உடலாக இயற்கை பதப்படுத்துகிறது என்றே அதைக் கொள்ள வேண்டும். இன்னொரு செய்தி வருந்தத்தக்கது. பல நாடுகளின் 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, மனைவியின் கருக்காலத்திலும் பேற்றுக்குப் பின் ஓராண்டு வரையிலும் பத்தில் ஒரு தந்தை மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்றது.

இனி ஆரணிக்கு வருவோம்.

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர் அது. வேலூர், காஞ்சி, திருவண்ணாமலை மூன்றுக்கும் நடுவே பட்டாலும் அரிசியாலும் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. மணமகள் உடுத்தும் சேலையின் கரையழகைப் பார்ப்பவர் பலர். அதன் பின்னே தறிக்குழியில் கால்தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் குடும்பத்தைப் பார்ப்பவர் சிலர். நெசவுத் தொழிற்சொற்களைத் திரட்டும் பொருட்டு நாம் சிலமுறை அங்கே சென்றதுண்டு. பாவு, ஊடை, விழுது, அச்சு, புணைத்தல் என்று சொற்களைக் குறித்துக்கொண்டு வந்தோம். குறிப்பேட்டில் இடம்பெறாத ஒன்றும் அங்கே நமக்குக் கிடைத்தது.

கைத்தறியில் ஒருவர் நெய்கிறார் என்று சொல்வது வழக்கே தவிர உண்மை அன்று. பட்டிழையை இராட்டையில் சுற்றித் தாராக்கித் தருபவள் மனைவி. பாவு புணைக்கும்போது மறுமுனையில் நிற்பவள் மனைவி. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலை என்றால், தறியில் கணவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து கரைநாடாவை வாங்கித் திருப்பி விடுபவளும் பெரும்பாலும் அவளே. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 இலட்சம் பேர் இத்தொழிலில் இருப்பதாகவும் அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள் என்றும் கூறியது. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று கணவன் பெயரில் எழுதப்படுகிறது.

ஆதலால் நெசவாளியின் மனைவி கருவுற்றால், அவன் வீட்டில் ஒரு மகிழ்ச்சி நுழைகிறது. அவன் தறியில் ஒரு கை குறைகிறது. இரண்டும் ஒரே நாளில் நிகழ்கின்றன. அலுவலகம் செல்லும் கணவனுக்கு இல்லாத சிக்கல் இது. மனைவியின் கருவை அவன் முதலில் உணர்வதே தறியில்தான். தார் நேரத்துக்கு வந்து சேராது. நாடா வாங்கும் கை தளரும். குனிந்து அமர இயலாமல் அவள் எழுந்துபோவாள். முதலாளி கேட்ட நாளுக்குள் சேலை இறங்காது.

நமக்கு அறிமுகமான நெசவாளர் ஒருவரின் நிலை இதுவாக இருந்தது. முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். மூன்று சேலைக்கான பாவைத் தறியில் ஏற்றியிருந்தார். மனைவிக்கு ஐந்தாம் மாதம். அவர் சோறு உண்பதில்லை, தேநீராகவே குடிக்கிறார் என்று அவருடைய தாயார் நம்மிடம் குறைப்பட்டார். நாம் கேட்டபோது அவர் தறியை நிறுத்தாமலே சொன்னார்: "வீட்லதான் மாசமா இருக்காங்க சார். எனக்கு என்னமோ சோறே எறங்க மாட்டேங்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க." அருகிலிருந்த மாணவர் ஒருவர் உண்மையிலேயே சிரித்துவிட்டார். நாமும் உள்ளுக்குள் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்? பழமொழி நம்மை அப்படிப் பழக்கியிருந்தது.

அவருடைய அச்சம் என்ன என்பது பிறகே தெரிந்தது. முதற்குழந்தை பிறந்தபோது முகூர்த்த காலம். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். சேலையின் முந்தி நெய்துகொண்டிருக்கையில் மனைவிக்கு வலி கண்டிருக்கிறது. மாமியாரோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, இன்னும் ஒரு முழம்தானே என்று தறியில் அமர்ந்துவிட்டார். மருத்துவமனையில் அறுவை செய்ய வேண்டும் என்றிருக்கிறார்கள். கையொப்பமிடக் கணவன் எங்கே என்று தேடியிருக்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாயும் மகளும் நலம். யாரும் அவரை ஒரு சொல்லும் கடியவில்லை. வந்ததும் வராததும் அங்கே யாருக்கும் வேறுபாடாகவே தெரியவில்லை என்பதுதான் தம்மை அறுத்தது என்றார். அந்தச் சேலைக்குக் கூலி முழுதாகக் கிடைத்ததாம்.

இதைக் கேட்டபின் நமக்குச் சில எண்ணங்கள் தோன்றின. கருவுற்றவளின் கணவன் அக்காலத்தில் காட்டும் நடத்தையை அக்கறையின்மை என்றே நாம் எளிதில் முத்திரை குத்துகிறோம். அவன் கூடுதலாக உழைப்பான். வீட்டில் குறைவாகப் பேசுவான். சிலர் தெருவிலேயே பொழுது கழிப்பர். சிலர் குடிக்கத் தொடங்குவர். குடியை நாம் நியாயப்படுத்தவில்லை; கருவுற்றவள் வாழும் வீட்டில் அது இரட்டைக் கேடு. ஆனால் இவற்றுள் பலவற்றின் அடியில் இருப்பது அச்சம். செலவுக்கு என்ன செய்வது என்னும் அச்சம். அவளுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் என்னும் அச்சம். அச்சத்தைச் சொல்ல ஆணுக்கு நாம் மொழி தரவில்லை. வேலை செய், பணம் கொண்டு வா என்பது மட்டுமே அவன் அறிந்த மொழி. அதையே அவன் உரக்கப் பேசுகிறான்.

அச்சம் மற்றொரு வடிவமும் கொள்ளும். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்னும் கேள்வி அது. சேலம் மாவட்டத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்பதும், கருவின் பாலைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் நடுவணரசு ஏன் சட்டம் இயற்ற நேர்ந்தது என்பதும் தமிழர்க்குப் பெருமை தரும் செய்திகள் அல்ல. பெண் பிறந்ததும் முகம் வாடும் தந்தையைக் கண்டிருக்கிறோம். அவன் கணக்கிடுவது பவுனும் சீர்வரிசையும். பிரகாஷ்ராஜ் நெசவாளராக நடித்து 2008-இல் வெளிவந்த 'காஞ்சிவரம்' படத்தில், பிறந்த மகளுக்குப் பட்டுச்சேலை உடுத்தி மணம் முடிப்பதாகத் தந்தை வாக்களிப்பார். பட்டு நெய்பவன் தன் மகளுக்குப் பட்டு உடுத்த முடியாத கொடுமை அக்கதை. மகள் பிறந்த அன்றே ஒரு தந்தை திருமணச் செலவை நினைக்க வேண்டியிருப்பதுதான் நமக்கு அதைவிடக் கொடுமையாகப் பட்டது. இதற்கு வரதட்சணை வாங்கும் நாம் அனைவரும் பொறுப்பு. இந்த மலரைப் புரட்டும் குடும்பங்களும் விலக்கல்ல.

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்னும் நம் வழக்கத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பிட்டு அழைத்துச் செல்வர். முஸ்லிம் வீடுகளிலும் சடங்கின் பெயரும் முறையும் மாறுமேயன்றி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது மாறாது. அன்னையின் மடியில் பெண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வையும் துணிவையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மாமியார் வீட்டில் தாருருட்டும் கைக்கு அங்கேதான் சிறிது விடுதலை. எனினும் அவ்வழக்கம் கணவனை மிகத் தேவையான மூன்று திங்கள் விருந்தாளியாக்கி விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பழத்தட்டோடு போய், கூடத்தில் மாமனாரோடு அமர்ந்து, காப்பி அருந்தி, மனைவியை வாசற்படியில் நின்று நலம் கேட்டுத் திரும்பும் ஆடவரை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு திரும்பியவர்களே. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் இளைஞர்களுக்கு அந்த வாசற்படியும் இல்லை. முன்பெல்லாம் பிள்ளை பிறந்த செய்தி தந்தியாகப் போகும், பிறகு மடலும் நிழற்படமும் போகும். இன்று கைப்பேசியில் முகம் காண்கிறார்கள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டிய தந்தை ஆயிரம் கல் தொலைவில் இருக்க, பாட்டனாரோ பள்ளிவாசல் இமாமோ சொல்கிறார்கள்.

மருத்துவமனைக்கு வருவோம். 2019-21 காலத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. 2018-20-இல் இந்தியா முழுமைக்கும் இலட்சம் பேறுகளுக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாயாக இருந்தது, பின்னர் 12,000, அதன்பின் 18,000 என உயர்ந்தது. கிராமச் செவிலியர் முதல் மாவட்ட மருத்துவமனை வரை உழைத்தவர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. இந்தப் பெருமைமிக்க ஏற்பாட்டில் தந்தைக்கு என்ன இடம்? பதிவேட்டில் கணவர் பெயர் என்றொரு கட்டம். அறுவைக்கு முன் ஒரு கையொப்பம். மருந்துச் சீட்டோடு கடைக்கு ஓட்டம். பேறுகால அறையில் பெண்ணுக்குத் துணையாக உறவுப் பெண் ஒருவரை அனுமதிக்கும் முறையைத் தமிழ்நாடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொண்டுவந்தது. 2016-இல் நடுவணரசும் அதை வலியுறுத்தி, மறைவிடம் உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது. பேறு காணும் பெண் தான் விரும்பும் ஒருவரைத் துணையாகக் கொள்ளட்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரை. வரிசையாகக் கட்டிலிட்ட பொது அறையில் பிற பெண்களின் மானம் கருத வேண்டும் என்பதை ஒப்புகிறோம். அதனால் கணவன் படிக்கட்டில்தான் நிற்க வேண்டும் என்று முடிவு கட்டுவதை ஒப்பவில்லை. மாதச் சோதனைக்கு அவன் உள்ளே வரலாமே! இரும்புச்சத்து மாத்திரை எதற்கு, கால்வீக்கம் எப்போது ஆபத்து, எந்த அறிகுறி கண்டால் இரவென்றும் பாராமல் ஓட வேண்டும் என்பவற்றை மாமியாரிடம் சொல்வதுபோல் அவனிடமும் சொல்லலாம். நம் நெசவாளர் அன்று ஒரு முழம் நெய்ய அமர்ந்தது கல்நெஞ்சால் அன்று. வலி கண்டபின் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

விடுப்பு என்பது அடுத்த சிக்கல். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டுப் பெண்களுக்கு 26 வாரம் கிடைத்தது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு வழங்குகிறது. நடுவணரசின் ஆண் ஊழியருக்குப் பதினைந்து நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்து ஆடவருக்கு அச்சட்டம் ஒரு நாளும் தரவில்லை. நெசவாளிக்கு எந்தச் சட்டமும் எட்டவில்லை. அவனுக்குத் தறியே அலுவலகம். இறங்கினால் கூலி நின்றது.

சமயம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்கும் பெரியோர்க்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். கி.பி. 624-இல் பத்ருப் போருக்குப் புறப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியார் ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் உஸ்மான் (ரலி) அவர்களை மனைவியைப் பேணுமாறு மதீனாவிலேயே இருக்கச் செய்தார்கள். போர்முடிந்தபின், களத்தில் நின்றவருக்கு உரிய பங்கையே அவருக்கும் அளித்தார்கள். ஒரு சமூகமே வாழ்வா சாவா என்று நின்ற நாளில், நோயுற்ற மனைவியின் அருகிருப்பது போருக்கு நிகரான பணியாகக் கருதப்பட்டது, ஊதியமும் குறைக்கப்படவில்லை. மணமுறிவு பெற்ற மனைவி கருவுற்றிருந்தால்கூட, பேறு முடியும்வரை அவளுக்குச் செலவிடுவது கணவன்மேல் கடமை என்பது திருக்குர்ஆனின் 65-ஆம் அத்தியாயம் கூறும் சட்டம். முறிந்த உறவுக்கே இவ்வளவு என்றால், முறியாத உறவுக்கு எவ்வளவு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் கோரிக்கை பெரிதன்று. பட்டு முதலாளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் மனம் வைத்தால் போதும். கருவுற்ற வீட்டுக்கு ஆறாம் மாதத்துக்குப் பின் கோர்வைச் சேலை கொடுக்காமல், ஒருவரே நெய்யக்கூடிய வகையைத் தரலாம். பேறு எதிர்நோக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் கெடு நீட்டலாம். முன்பணத்தை அந்த மாதக் கூலியில் பிடிக்காமல் விடலாம். இவற்றுக்கு அரசாணை வேண்டியதில்லை. ஜமாஅத் பெரியோர்கள் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் எழுதுவதோடு நில்லாமல், மணமகனை அமரவைத்துச் சில சொற்கள் பேசலாம். கல்லூரியில் நாட்டுநலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். பேறுகால நலம் பற்றிய பேச்சுக்கு மட்டும் மாணவியரை அமர்த்திவிட்டு மாணவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அடுத்த பத்தாண்டில் தந்தையராகப் போகின்றவர்கள் மைதானத்தில் இருப்பவர்களே! இதில் ஆசிரியர்களாகிய நாமே முதற் குற்றவாளிகள்.

ஆடவருக்கு இவ்வளவு பரிவு எதற்கு, சுமப்பவள் பெண் அல்லவா என்று சகோதரியர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவளுக்கு உரியதைக் குறைத்து அவனுக்குக் கொடுக்க நாம் கேட்கவில்லை. அவன் உணவிறங்காமல் தவிப்பதற்குப் பாராட்டுவிழாவும் கேட்கவில்லை. அந்தத் தவிப்பு தறியிலும் தெருவிலும் வீணாகாமல் அவளுக்குப் பயன்படும் கையாக மாற வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் கையாகவும், தார் சுற்றும் கையாகவும் மாற வேண்டும். ஆண் தார் சுற்றினால் இழுக்கு என்று ஆரணித் தெருவில் யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த நெசவாளரை மீண்டும் சந்தித்தபோது இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. இம்முறை ஏழாம் மாதமே முதலாளியிடம் நாளைச் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்ல மூன்று தடவை கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்ததாகவும், நான்காவது தடவை அவரே கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டதாகவும் கூறினார். வலி கண்டபோது சேலையில் கரை பாதி ஏறியிருந்தது. நாடாவை அப்படியே பாவின்மேல் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். ஆட்டோவில் மனைவிக்குப் பக்கத்தில் அமர்ந்து போயிருக்கிறார். மருத்துவமனைக்குள் அவரை விடவில்லை, படிக்கட்டில்தான் நின்றிருக்கிறார். ஆனால் கையொப்பம் கேட்டபோது அங்கே இருந்தார். செவிலியர் வெளியே வந்து சொன்ன செய்தியை முதலில் கேட்டவர் அவரே.

அந்தச் சேலை எட்டு நாள் தாமதமாகத்தான் கடைக்குப் போயிற்று. கூலியில் ஏதும் பிடிக்கவில்லையாம். இதைச் சொல்லிக்கொண்டே அவர் ஒரு கையால் தொட்டிற்கயிற்றை இழுத்தார். மறுகையில் தார்க்குச்சி இருந்தது.